பிராக்கெட்டுக்குப் பாலிஷ் போட்டவன்

ஒரு மனிதரின் மேல் எனக்கிருந்த பொறாமையால், அவருடைய மனைவி ஓட்டவிருந்த காரின் பிரேக்கைக் கிட்டத்தட்ட இல்லாமல் செய்தவன் நான். இதைச் சொல்லிவிட்டுத் தரச் சோதனையைப் பற்றி உங்களுக்கு அறிவுரை வழங்க எனக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஓய்வு பெற்றவர் யாராவது நாலு வார்த்தை எழுதித் தர வேண்டும் என்று உங்கள் மேலாளர் கேட்டார். மற்ற ஓய்வு பெற்றவர்களுக்கெல்லாம் வேலை இருக்கிறது போலிருக்கிறது.

கிள்ளானுக்குப் பக்கத்தில், மேருவில், நம் தொழிற்சாலையில் இருபத்திரண்டு ஆண்டுகள் தகடுகளைப் பார்த்துக் கழித்தேன். வெட்டிய தகடு, துளையிட்ட தகடு, வளைத்த தகடு. சோதனை மேசைக்கு மேலே சுவரில் "வளைவின் வெளிப்பக்கத்தைப் பார்த்தாயா?" என்று ஒரு தாள் ஒட்டியிருக்கும். அது என் கைங்கரியம். தகட்டைக் கூர்மையாக வளைத்தால் வெளிப்பக்கத் தோல் இழுபட்டு மயிரிழை போல விரிசல் விடும். அதை முதலில் பார்க்க வேண்டும் என்று எத்தனையோ பேரிடம் கத்தியிருக்கிறேன். அந்தத் தாளை இன்னும் கிழிக்காமல் வைத்திருந்தால், இதைப் படித்து முடித்ததும் கிழித்துவிடலாம்.

அதே இருபத்திரண்டு ஆண்டுகள் அடுத்த கட்டடத்தில், அச்சுகள் செய்யும் டூல் ரூமில், குணா இருந்தார். என் வயதுதான். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவருடைய தாத்தா ரயில்வேயில் எழுத்தர். என் தாத்தா அந்த ரயில் ஓடிய தண்டவாளத்துக்குக் கல் கொட்டியவர். இது பற்றி எனக்கு எந்த வருத்தமும் இல்லை என்று குணாவிடம் நானாகவே மூன்று நான்கு முறை சொல்லியிருக்கிறேன்.

நான் ஒரு பொருளைத் தள்ளுபடி செய்ய மூன்று பக்கம் அறிக்கை எழுதுவேன். குணா வருவார், கட்டைவிரலால் ஓரத்தைத் தடவுவார், "சரியில்ல" என்பார், போய்விடுவார். வாடிக்கையாளர் தரப்பிலிருந்து வந்த ஜப்பானியர் என் அறிக்கையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு குணாவின் கட்டைவிரலுக்குக் குனிந்து வணக்கம் சொல்வார். இருபத்திரண்டு ஆண்டுகள் இதைப் பார்த்தால் ஒரு மனிதனுக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். போதாததற்கு அவருக்கு இன்னமும் தலைமுடி இருக்கிறது. அவர் சொல்லும் நகைச்சுவைக்கு அவருடைய மனைவி சிரிக்கிறார். முதல் தடவை சொல்வதற்கு மட்டுமல்ல.

இருவரும் ஒரே ஆண்டில் ஓய்வு பெற்றோம். நான் இரத்த அழுத்த மாத்திரை சாப்பிட ஆரம்பித்தேன். குணா கிள்ளானில் தன் வீட்டு முன்புறக் கூரையின் கீழே ஒரு கார் கட்ட ஆரம்பித்தார்.

வாங்கி அலங்கரிப்பது அல்ல, கட்டுவது. குழாய்களைப் பற்றவைத்துச் சட்டகம் செய்து, மோதி நசுங்கிய ஒரு பழைய காரிலிருந்து இஞ்சினை எடுத்துப் பொருத்தி, ஸ்டியரிங், இருக்கை, எல்லாம் சொந்தக் கையால். இப்படிக் கட்டிய வண்டியைச் சாலையில் ஓட்ட அனுமதி கிடைப்பது குதிரைக் கொம்பு என்பதால், தெலுக் பங்லிமா காராங் பக்கம் லோரிகள் நிறுத்தும் ஒரு காலி மைதானத்தில் கூம்புகளை வைத்து, ஒவ்வொரு வண்டியாக விட்டு, நேரம் பார்க்கும் வார இறுதிக் கூட்டம் ஒன்றில் ஓட்டுவதாகத் திட்டம். ஓட்டப்போவது குணா அல்ல. அவருக்குக் கட்டத்தான் வரும். ஓட்டும்போது வேகம் அறுபதைத் தாண்டினால் கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விடும். ஓட்டப்போவது அவர் மனைவி தவமணி டீச்சர். தமிழ்ப்பள்ளியில் முப்பது ஆண்டுகள் பிள்ளைகளை மேய்த்தவருக்கு எதைக் கண்டும் பயமில்லை. என் மனைவியோ நான் ஓட்டும் காரில் ஏறினால் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போய் வரும்வரை கதவுக் கைப்பிடியை விடமாட்டாள்.

பழைய சகாக்கள் பலர் அந்தக் காருக்கு ஏதாவது செய்து கொடுத்தார்கள். ஒருவர் சக்கர அச்சைக் கடைந்தார். ஒருவர் சாயம் அடித்தார், ஆரஞ்சு நிறம், அரை மைலுக்கு அப்பால் தெரியும். நான் ஞாயிறுதோறும் போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குறை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லை என்று வருத்தத்தோடு வீடு திரும்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் குணா கேட்டார்.

"மணியம், சும்மாதானே இருக்க? பிரேக் லைன் பிராக்கெட் நாலு பண்ணிக் குடேன்."

"பிராக்கெட்டா?"

"ஆமாலா. உன்ன மாதிரி பொறுமையான ஆளுதான் அதுக்கு சரி."

பொறுமையான ஆள் என்றால் நம் தொழிற்சாலை வழக்கில் என்ன பொருள் என்று உங்களுக்கே தெரியும்: பெரிய வேலைக்கு லாயக்கில்லாதவன்.

அந்தச் சின்னத் துண்டு என்ன வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பிரேக் எண்ணெய் சட்டகத்தின் ஓரமாக ஒரு மெல்லிய இரும்புக் குழாயில் வருகிறது. ஆனால் சக்கரம் ஏறி இறங்கும், திரும்பும்; ஆகவே கடைசிக் கொஞ்ச தூரத்துக்கு ரப்பர் குழாய். இரும்பும் ரப்பரும் சேரும் இடத்தைச் சட்டகத்தோடு அசையாமல் பிடித்து வைப்பதுதான் பிராக்கெட். அது முறிந்தால், ரப்பர் ஒவ்வொரு குலுக்கலிலும் இரும்புக் குழாயை இழுக்கும். குழாய் வளைந்து வளைந்து ஓரிடத்தில் பிளக்கும். எண்ணெய் வெளியே போகும். அதன் பிறகு பிரேக்கை மிதித்தால் கால் தரை வரைக்கும் போகும். வண்டி அதுபாட்டுக்குப் போகும்.

"மூணு மில்லி மைல்ட் ஸ்டீல் போதும்" என்றார் குணா. "அந்தா ஆங்கிள் அயன் கெடக்கு பாரு. வெட்டி, ஓட்ட போட்டு, கறுப்பு பெயின்ட் அடிச்சிரு. முடிஞ்சிச்சு."

ஆங்கிள் அயன் என்றால் ஆலையிலேயே மூலை வைத்து உருட்டி வந்த மெது இரும்பு, அதுதான் மைல்ட் ஸ்டீல். வளைக்க வேண்டிய தேவையே இல்லை. பத்து நிமிட வேலை. இதைவிடச் சரியான பொருள் அந்த வேலைக்கு இல்லை. அது எனக்கு அப்போதே தெரியும். எனக்குத் தெரியாமல் நடந்தது என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒருவர் அச்சு, ஒருவர் ஆரஞ்சு. எனக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்த ஆங்கிள் அயன், அதுவும் குணாவின் வீட்டு மூலையிலிருந்து. அந்தக் காரில் என்னுடையது என்று ஒன்று இருந்தால், அதைப் பார்க்கிறவன் ஒரு கணம் நின்று "இதை யார் செய்தது?" என்று கேட்க வேண்டாமா?

முதலில் எவர்சில்வரை யோசித்தேன். ஒரு துண்டை வெட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்து மேசையில் வைத்தேன். என் மனைவி எடுத்துப் பார்த்துவிட்டு, "புட்டுக் கொழாய்க்கு அடில போடறதா?" என்றாள். எவர்சில்வர் அத்தோடு போயிற்று. ஒரு உலோகத்தைத் தேர்ந்தெடுக்க நான் வைத்திருந்த அளவுகோல்களை இதிலிருந்தே புரிந்துகொள்வீர்கள்.

பிறகு மேருவில் பழைய இரும்புக் கடைக்குப் போனேன். அங்கிருந்த சீனக் கிழவர் மூலையிலிருந்து ஒரு அலுமினியத் தகட்டை இழுத்தார். "பாஸ், இது ஏரோப்ளேன் சாமான். கெராஸ்!" என்று விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். கடினம்தான். அதுதான் பிரச்சினையே. பதப்படுத்திக் கடினமாக்கிய அலுமினியத்தைக் கூர்மையாக வளைத்தால் வெளிப்பக்கம் விரிசல் விடும் என்று உங்களுக்கு முந்தியவர்களுக்கு நான் வகுப்பே எடுத்திருக்கிறேன். வளைப்பதானால் பெரிய வட்டமாக வளைக்க வேண்டும். பெரிய வட்டமாக வளைத்தால் பார்க்கத் தொளதொளவென்று இருக்கும். எனக்கு மூலை எடுப்பாக இருக்க வேண்டியிருந்தது. ஆகவே இடுக்கியில் கவ்வி, சுத்தியலால் அடித்து, கத்தி போல மூலை எடுத்தேன்.

அதன் பிறகு பாலிஷ் போட்டேன். மூன்று நாள் மாலை வேளை முழுவதும். முகம் தெரியும்வரை தேய்த்தேன். முகம் தெரிந்தது, பொறாமை பிடித்த முகம்தான், ஆனாலும் துல்லியமாகத் தெரிந்தது. இரும்பைவிட மென்மையான உலோகத்தை அப்படித் தேய்க்கும்போது மேல்தோல் இழுபட்டு, மயிரிழை விரிசல் இருந்தால் அதன் வாயைக் கண்ணுக்குத் தெரியாதபடி இறுக்கிவிடும் என்பதும் என் வகுப்பில் இருந்த பாடம்தான். பாடத்தை எழுத மட்டும் தெரிந்த நான் எழுத்தராகப் போயிருக்க வேண்டியவன்.

ஐந்து செய்தேன். நான்கைக் குணாவிடம் கொடுத்தேன். அவர் திருப்பிப் பார்த்தார்.

"அலுமினியமா?"

"ஏரோப்ளேன் கிரேடு" என்றேன்.

"கிராக் எல்லாம் பாத்துட்டதானே?"

"யார்கிட்ட கேக்கற?" என்றேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கவனியுங்கள். என் இருபத்திரண்டு ஆண்டுச் சம்பளத்துக்குரிய கேள்வியை ஒருவர் என்னிடம் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை, எதிர்க்கேள்வி கேட்டேன். சோதித்த மனிதன் "பார்த்தேன்" என்று சொல்வான். கௌரவம் பார்க்கிறவன்தான் "யாரிடம் கேட்கிறாய்?" என்பான். இதற்குப் பிறகு உங்கள் வாயிலிருந்து அந்த வாக்கியம் வந்தால், கையிலிருக்கும் பொருளை அப்படியே மேசையில் வைத்துவிட்டு முதலிலிருந்து பாருங்கள்.

குணா நம்பி மாட்டினார். "நல்லா இருக்கு" என்றார். தொழிற்சாலை கேன்டீனில் போடும் தேங்காய்ப்பால் சோற்றை, அந்த நாசி லெமாக்கைப் பற்றியும் அவர் அதே தொனியில்தான் சொல்வார்.

மைதானத்தில் முதல் ஓட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்திய வெள்ளி, என் மனைவி விளக்கேற்றும்போது, "டீச்சர் ஓட்டப் போறாங்கல்ல, அந்த வண்டி சாமான் ஏதாச்சும் இருந்தா குடுங்க, சாமிகிட்ட வைப்போம்" என்றாள். புது வண்டி என்றால் சாவியையாவது சாமி முன்னால் வைப்போமே, அந்தப் பழக்கம். என்னிடம் சாவியா இருக்கிறது? ஐந்தாவது பிராக்கெட்டைக் கொடுத்தேன். அவள் அதைக் கூரை மாதிரிக் கவிழ்த்து வைத்து, எடுப்பான அந்த மூலையின் மேலேயே குங்குமம் வைத்தாள். பக்கத்தில் விளக்கு. நல்லெண்ணெய் இரண்டு சொட்டு குங்குமத்தில் விழுந்து ஊறியது. இரண்டு நாள் அப்படியே இருந்தது.

ஞாயிறு காலை அதை எடுத்தேன். சக்கரம் மாட்டிய பிறகு மற்ற நான்கும் வெளியே தெரியாது என்பதால், இதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய், யாராவது "இது என்ன?" என்று கேட்கும்வரை மைதானத்தில் கையில் உருட்டிக்கொண்டிருப்பது என் திட்டம். குங்குமத்தைத் துணியால் துடைத்தேன். சுத்தமாகப் போனது. மூலையில் மட்டும் போகவில்லை. சிவப்பாக ஒரு கோடு. நூல் போல.

மறுபடி துடைத்தேன். போகவில்லை.

நம் சோதனை அறையில் என்ன செய்கிறோம்? சிவப்புச் சாயத்தைத் தடவி ஊறவிடுகிறோம். துடைக்கிறோம். வெள்ளைப் பொடி தூவுகிறோம். விரிசல் இருந்தால் உள்ளே போன சாயம் மேலே வந்து காட்டிக்கொடுக்கிறது. பூசை அறையில் நின்றுகொண்டு, கை தானாகத் தட்டிலிருந்த திருநீற்றை எடுத்தது. தூவினேன். வெள்ளையின் நடுவே சிவப்பு மெல்லக் கசிந்து, மூலையின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் கோடு போட்டது.

"என்னங்க, சாமி சாமான வச்சி வெளாடறீங்க?" என்றாள் மனைவி.

"கிராக்கு" என்றேன்.

"எதுல?"

"எல்லாத்துலயும்."

ஒரே தகடு, ஒரே இடுக்கி, ஒரே மடையன். ஒன்றில் இருந்தால் ஐந்திலும் இருக்கும். தொழிற்சாலையாக இருந்தால் சிவப்பு அட்டை தொங்கவிட்டு முழு அடுக்கையும் நிறுத்தியிருப்பேன். குணாவுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. டீச்சருக்கு அடித்தேன். அதுவும் அப்படியே. வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

போகும் வழியில் என்ன யோசித்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நீங்களும் ஒரு நாள் இப்படி ஒரு காரில் உட்கார்ந்திருப்பீர்கள். டீச்சரை நினைத்தேன், ஆம். ஆனால் அதோடு சேர்த்து இதையும் நினைத்தேன்: பிராக்கெட் என்று சொல்லாமல் ரப்பர் குழாயில் சந்தேகம் என்று சொன்னால் என்ன? வண்டி நின்றுவிடும், எல்லாவற்றையும் நானே கழற்றி, நானே மாற்றிவிடலாம், குணாவுக்கு எதுவும் தெரிய வேண்டாம். ரொம்ப அழகான பொய். ஒரே குறைதான். ரப்பர் குழாயை மாட்டியது குணா. அவர் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்து, "குழாய் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு டீச்சரை ஓட்டச் சொல்வார். எல்லோரும் அவரைத்தான் நம்புவார்கள். நானே அவரைத்தான் நம்புவேன். என்னை உண்மை பேசவைத்தது நேர்மை இல்லை, குணாவின் கட்டைவிரல்.

மைதானத்துக்குள் நுழைந்தபோது ஆரஞ்சுக் கார் வரிசையில் நான்காவதாக நின்றது. டீச்சர் ஹெல்மெட்டோடு உள்ளே, இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. குணா ஓரமாக நின்றுகொண்டிருந்தார்.

"குணா, ஒரு விஷயம் சொல்லணும்."

"சொல்லு."

இந்த இடத்தில்தான் நான் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு வார்த்தை. ஆனால் வழியெல்லாம் ஒரு முழு வாக்குமூலம் மனதில் தயாராகியிருந்தது. அதை வீணாக்க மனம் வரவில்லை.

"இருபத்திரண்டு வருஷமா எனக்கு உன் மேல பொறாமை."

குணா என்னைப் பார்த்தார். "இப்பவா?"

"இல்ல, கேளு. அந்த ஜப்பான்காரன் ஒனக்கு வணக்கம் வச்சான்ல, அப்பலேர்ந்து…"

வரிசையில் ஒரு வண்டி கிளம்பியது.

"மணியம், டீச்சர் ஓடி முடிக்கட்டும். அப்புறம் தே தாரிக் குடிச்சிக்கிட்டே பேசுவோம்."

"இல்ல, முழுசா சொல்லிடறேன். ஒன் தாத்தா எழுத்தரு…"

இன்னொரு வண்டி கிளம்பியது. நான் தாத்தாக்களை முடித்து, தலைமுடியைக் கடந்து, டீச்சர் சிரிப்பது வரைக்கும் வந்தேன். குணாவின் முகத்தில் ஒருவித இரக்கம் தெரிந்தது. அது என்னை இன்னும் விரிவாகப் பேசவைத்தது. மூன்றாவது வண்டியும் கிளம்பியது. கொடி பிடித்தவர் டீச்சரை முன்னால் வரச் சொல்லிக் கையசைத்தார்.

"அதனாலதான் நீ சொன்ன ஆங்கிள் அயன விட்டுட்டு அலுமினியத்துல பண்ணேன். அதனாலதான் பாலிஷ் போட்டேன். அதனாலதான்…"

"அதனாலதான் என்னலா?"

"கிராக்கு விட்டிருக்கு."

குணாவின் முகத்திலிருந்த இரக்கம் போய்விட்டது. அவருக்கு முட்டி வலி, ஓட முடியாது. நான் ஓடினேன். தொடக்கக் கோட்டுக்கு முன்னால் போய்க் கைகளை விரித்து நின்றேன். டீச்சர் அப்போதுதான் வண்டியை நகர்த்தியிருந்தார், பிரேக்கை மிதித்தார். என் முழங்காலுக்கு ஒரு முழம் முன்னால் கார் நின்றது. என் பிராக்கெட்டுகளை நம்பி ஒரு வண்டி நின்றது அதுவே கடைசி. அப்போதுகூட, கூட்டம் பார்க்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன்.

வண்டியை ஓரமாகத் தள்ளி, ஜாக்கி போட்டு, முன்பக்க இடது சக்கரத்தைக் கழற்றினோம். குணா பிராக்கெட்டை இரண்டு விரலால் பிடித்து மெல்ல அசைத்தார். வீட்டு வாசலில் சோதித்துப் பார்த்த நாலைந்து ஓட்டங்களே அதற்குப் போதுமாக இருந்திருக்கின்றன. பிஸ்கட் போல அவர் கையோடு வந்தது. இரும்புக் குழாய் ஏற்கெனவே லேசாகக் கோணியிருந்தது.

டீச்சர் குனிந்து பார்த்தார். மைதானத்தின் கடைசித் திருப்பத்தைப் பார்த்தார். அதற்கு அப்பால் வேலி, வேலிக்கு அப்பால் பெரிய கால்வாய். பிறகு என்னைப் பார்த்தார். முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவரின் பார்வை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

"மைல்ட் ஸ்டீலா இருந்தா வளஞ்சி காட்டும்" என்றார் குணா, உடைந்த துண்டைத் திருப்பிக்கொண்டே. "இது சொல்லாமக் கொள்ளாமப் போயிரும்."

இதைவிட நன்றாக உலோகத் தேர்வைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. ஆகவே அவர் சொன்னதையே உங்களுக்குத் தருகிறேன். தருவது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் தருகிறேன்.

அதற்குப் பிறகு அவர் செய்த காரியம்தான் என்னைக் கொன்றது. சாமான் பெட்டியின் அடித்தட்டிலிருந்து, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்தார். நான்கு பிராக்கெட். ஆங்கிள் அயன், மூன்று மில்லி, கறுப்புப் பெயின்ட்.

"இது எப்ப பண்ண?"

"சட்டகம் கட்டுனப்பவே பண்ணிட்டேன்."

"அப்ப எதுக்கு என்கிட்ட கேட்ட?"

குணா ஸ்பானரைத் தேடுவதில் மும்முரமானார். டீச்சர்தான் பதில் சொன்னார். "ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் வந்து கையக் கட்டிக்கிட்டு நிக்கறீங்க அண்ணே. இவருக்குப் பாவமா இருந்துச்சு."

கேட்டீர்களா? ஒரு மனிதன் நம்மைவிடக் கெட்டிக்காரனாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். நம்மைவிட நல்லவனாகவும் இருந்துவிட்டால் எங்கே போவது? இதில் குணாவின் தவறும் ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது: சோதனைக்காரன் செய்த பொருளை யாரும் சோதிக்கவில்லை. யார் செய்தாலும் இன்னொரு கண் பார்க்க வேண்டும், உங்கள் மேலாளர் செய்தாலும், நான் செய்தாலும், குணாவே செய்தாலும். குறிப்பாகக் குணா செய்தால்.

நான்கையும் மாற்றி, பிரேக் எண்ணெயை நிரப்பி, உள்ளே போன காற்றை வெளியேற்றி முடிக்க மதியமாகிவிட்டது. சக்கரம் மாட்டும் முன் ஒவ்வொரு பிராக்கெட்டையும் நான் டார்ச் அடித்துப் பார்த்தேன். பார்க்கச் சொன்னதே குணாதான். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். மழை இருட்டிக்கொண்டு வந்த நேரத்தில் டீச்சருக்கு ஒரே ஒரு ஓட்டம் கிடைத்தது. இரண்டு கூம்புகளைத் தட்டினார். கடைசித் திருப்பத்தில், கால்வாய்ப் பக்கம், நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது கார் முடிவுக் கோட்டைத் தாண்டி, சாதுவாக, நேராக நின்றுகொண்டிருந்தது.

பிறகு மழைக்கு ஒதுங்கி, சாலையோரக் கடையில் மூவரும் தே தாரிக் குடித்தோம். யாரும் பேசவில்லை. அந்த மௌனம் என்னால்தான் என்று எனக்குத் தோன்றியது. ஒரு மனிதன் தன் மனத்தின் அடிவரைக்கும் திறந்து காட்டிவிட்டால், நெருங்கிய நண்பர்களுக்கும் அதைத் தாங்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும் அல்லவா? ஆகவே நானே ஆரம்பித்தேன்.

"நான் காலைல சொன்னது ஒங்களுக்கு அதிர்ச்சியா இருந்திருக்கும்…"

டீச்சர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஒங்க பொறாமை எங்களுக்கு ரொம்ப வருஷமாத் தெரியும் அண்ணே. கேன்டீன்காரருக்கே தெரியும். தெரியாதது கிராக்கு ஒண்ணுதான். அடுத்த தடவ தெரியாதத மொதல்ல சொல்லுங்க. நான் அந்த ஹெல்மெட்டப் போட்டுக்கிட்டு வெயில்ல வேர்த்துக்கிட்டு இருந்தேன்."